பக்கத்தில் பார்க்கவும்

ஜனவரி 9, வியாழன்

காலையில் கல்லூரியிலிருந்து மிஸ்டர் கிங்ஸ்லி வந்தார். என் கணவர் சேர்த்துவைத்த சங்குகளையும் சிப்பிகளையும் கல்லூரி ஓர் அரங்கமாக அமைக்கிறது. அதற்குப் பொறுப்பு இவர்தான். பிப்ரவரி முதல் தேதி திறப்பு விழா. அரங்கத்தின் வாசலில் பெரிய தொடுதிரை ஒன்று வைத்திருக்கிறார்களாம். விரலால் தொட்டால் பேராசிரியர் டெரன்ஸ் மச்சாதுவைப் பற்றிய விவரங்கள் வருமாம். அதை எனக்குக் காட்டுவதற்காகத் தன் டேப்லெட்டைப் பையிலிருந்து எடுத்து, துடைக்காமல், என் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

டெரன்ஸ் மச்சாது.
உருவாக்கியவர்: முனைவர் அமலி பூபாலராயர்.
உருவான ஆண்டு: 2022.
கடைசியாகத் திருத்தப்பட்டது: 2024 நவம்பர்.
அளவு: 11 கிலோபைட்.
உரிமை: யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் முறையும் வாசித்தேன். பிறகு கேட்டேன்: "மிஸ்டர் கிங்ஸ்லி, என் கணவர் 1938இல் பிறந்தவர். 2020இல் இறந்தவர். இறந்து இரண்டு வருஷம் கழித்து அவரை யார் உருவாக்கினார்கள்?"

அவர் எட்டிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யய்யோ. மேடம், இது சார் இல்ல. இது சாரைப் பத்தின பக்கம். சார்கூட வேலை பார்த்த அமலி டீச்சர் 2022ல எழுதிக் கொடுத்தாங்கல்லா, அந்தப் பக்கத்தோட விவரம்."

"மேலே என் கணவரின் பெயர் இருக்கிறதே."

"அதான் குழப்பம். மெஷின் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிருச்சு."

எல்லாவற்றையும் உருவாக்கியவர் யாரென்று பூசையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் இருக்கிறது என்றும், அதில் மிஸ் பூபாலராயரின் பெயரை நான் இதுவரை கண்டதில்லை என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு மேசையை வினிகர் போட்டுத் துடைத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

வாளை மீன். சவேரியம்மாள் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். சொன்னேன். "கடல்ல இருந்ததுதானம்மா, அதுவே போட்டுக்கிட்டு வந்திருக்கும்" என்கிறாள்.

ஜனவரி 11, சனி

தபால்காரர் புதியவர். "டெரன்ஸ் மச்சாது இருக்காங்களா?" என்றார். சிப்பி ஆராய்ச்சியாளர்களின் பத்திரிகை ஒன்று இன்னும் அவர் பெயருக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆயுள் சந்தா கட்டியிருந்தார். யாருடைய ஆயுளுக்கு என்று அவர்கள் கவனிக்கவில்லை போலும். "அவர் இல்லை" என்று சொல்லி வாங்கிவைத்தேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டு வெகுநாளாயிற்று. முன்பெல்லாம் வாசலில் யாராவது வந்து நின்றுகொண்டேயிருப்பார்கள். மாணவர்கள், சங்கு குளிக்கிறவர்கள், ஒருமுறை டென்மார்க்கிலிருந்து ஒரு தம்பதி. நான் கதவைப் பாதி திறந்து, "புரொபசர் இங்கே இல்லை, பக்கத்துத் தெருவில் பாருங்கள்" என்பேன். அவருடைய மைக்ராஸ்கோப் அங்கே மிஸ் பூபாலராயர் வீட்டு மாடியில் இருந்தது. அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சொல்வார். நம் வீட்டிலும் கிழக்கே மூன்று ஜன்னல்கள் இருக்கின்றன.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

ஜனவரி 13, திங்கள்

கல்லூரிக்கு ஆட்டோவில் போய் வந்தேன். முழங்கால் வலியைப் பொருட்படுத்தவில்லை.

மிஸ்டர் கிங்ஸ்லி விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இது: வலையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் ஒரு முகவரி கொடுக்கிறார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் கணினிகள் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு விவரங்களை ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. இவர்கள் என் கணவருக்கும், என் கணவரைப் பற்றி எழுதப்பட்ட பக்கத்துக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே பக்கத்தை எழுதியவர் ஆளை எழுதியவராகவும், பக்கத்தின் வயது ஆளின் வயதாகவும் ஆகிவிட்டது. வெளிநாட்டுச் சிப்பித் தளம் ஒன்று இதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. அங்கேயும் என் கணவர் மிஸ் பூபாலராயரின் ஆக்கம்.

"படித்தவர்கள் செய்யும் வேலையா இது?" என்று கேட்டேன்.

"நாங்க மட்டும் இல்ல மேடம். இந்த விஷயத்துல பெரிய பெரிய ஆளுங்களே வருஷக்கணக்கா சண்டை போட்டிருக்காங்க. ஒரு முகவரின்னா அது ஆளா, ஆளைப் பத்தின காகிதமான்னு."

இதில் சண்டை போட என்ன இருக்கிறது? எங்கள் கான்வென்டில் மதர் கொன்சீலியா கரும்பலகையில் 'நாய்' என்று எழுதி, இது என்ன என்று கேட்பார். நாய் என்போம். "கடிக்குமா?" என்பார். அதோடு முடிந்தது. ஆறாம் வகுப்பு.

ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "தட்டில் சிப்பி இருக்கிறது. கீழே சீட்டு இருக்கிறது. இங்கே இருக்கிற சீட்டுகள் எல்லாம் என் கையெழுத்து. சீட்டை எழுதியதால் சிப்பியை நான் செய்தேன் என்று ஆகுமா?"

"எல்லாமே உங்க கையெழுத்தா மேடம்? நான் அச்சுன்னுல்லா நெனச்சேன்!"

முப்பது வருடங்களாக எழுதினேன். அவரும் மாணவர்களும் தீவுகளிலிருந்து கொண்டுவருவார்கள். நான் மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறினால் வாந்தி.

நான்காம் பெட்டியில் அந்தச் சிறிய இளஞ்சிவப்புச் சிப்பி இருக்கிறது. என் கணவர் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது. லத்தீனில் 'அமலியே'. அமலியினுடைய என்று பொருள். ஆறாம் வேற்றுமை. 'ae' என்ற இரண்டு எழுத்துகளை அவர் சேர்த்து எழுதியிருந்தார். நான் பிரித்துச் சரியாக எழுதினேன். மை கொஞ்சமும் மங்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எதிர்வீட்டார் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார்கள். நெய் கூடுதல். வாளியைக் கழுவி, வெறுமையாக அனுப்பக்கூடாது என்று வாழைப்பழம் வைத்து அனுப்பினேன்.

ஜனவரி 16, வியாழன்

திரையைச் சோதித்துப் பார்த்த மாணவன் எவனோ அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். சவேரியம்மாள் மீன் வாங்கப் போன இடத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். மீனை வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, கடக்கரையெல்லாம் ஒரே சிரிப்பாணி. மச்சாது சாரை அமலி டீச்சர்தான் உருவாக்குனாவன்னு கம்ப்யூட்டரே சொல்லிட்டாமே."

"அது இயந்திரத்தின் பிழை."

"நானும் அதத்தான் சொன்னேன். அந்த லூர்துப் பய என்ன சொல்லுதான் தெரியுமா? மனுசன் மறைச்சாலும் மெஷின் மறைக்காதுங்கான்."

"மீனை உள்ளே வை."

"யாரும் தடையில்லாம பயன்படுத்தலாம்னு வேற போட்டிருக்காம்லா. அதுக்குத்தான் ரொம்பச் சிரிக்கானுவ."

"சவேரியம்மா, மீன்."

உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள். "நீங்க ஒண்ணும் மனசுல வைக்காதியம்மா. இந்த ஊருக்குப் பேச வேற என்ன இருக்கு. எல்லாம் பழைய கதை."

என்ன கதை என்று நான் கேட்கவில்லை. வேலைக்காரிகளிடம் கதை கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை.

பிரச்சினை இலக்கணம் சம்பந்தப்பட்டது. விழாவுக்கு ஊரே வரும். அத்தனை பேர் முன்னால் எழுவாய் ஒன்றாகவும் பயனிலை வேறொன்றாகவும் என் கணவரை நிறுத்திவைக்க முடியாது. பிப்ரவரி முதல் தேதிக்குள் அது திருத்தப்பட வேண்டும்.

ஜனவரி 18, சனி

மிஸ்டர் கிங்ஸ்லி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் களைப்பு. அரங்கத்தில் இன்னும் பெயின்ட் காயவில்லையாம், ஏசி ஒழுகுகிறதாம்.

"மேடம், சுருக்கமா ஒரு வழி இருக்கு. அமலி டீச்சர் பேரையே தூக்கிருதேன். யார் எழுதினதுன்னே வராது. ஒரு நிமிஷ வேலை."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மேடம்? லைன்ல இருக்கியளா?"

"இன்னொரு வழி என்ன?"

"இன்னொண்ணு பெரிய வேலை. சாருக்குத் தனி முகவரி, பக்கத்துக்குத் தனி முகவரின்னு ரெண்டாப் பிரிக்கணும். சாருக்கு மட்டும் பிரிச்சா ஆகாது, எல்லாச் சிப்பிக்கும் பிரிக்கணும். ராத்திரி பகலா உட்காரணும். தூக்கிரட்டுமா?"

தூக்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அவருக்கும் நிம்மதி.

"வேண்டாம்" என்றேன். "அந்தப் பக்கத்தை எழுதியது மிஸ் பூபாலராயர்தான். இல்லை என்று ஆக்கினால் அது பொய். பிரித்து எழுதுங்கள். எது அவளுடையதோ அது அவளுடையதாக இருக்கட்டும். எது இல்லையோ அது இல்லை என்று இருக்கட்டும்."

அந்தப் பக்கத்தை எழுதச் சொல்லி அவர்கள் முதலில் என்னிடம்தான் வந்தார்கள் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். ஒரு கண்ணியமான மனிதரின் வாழ்க்கை சந்தையில் வைப்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகே பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசையில் விசுவாசப் பிரமாணத்தை வழக்கத்தைவிட உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன் வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜனவரி 22, புதன்

மிஸ் பூபாலராயர் வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. கைத்தடி. ஒரு கண்ணில் புரை அறுத்திருக்கிறாள். சேலையின் மடிப்பு சரியில்லை. சரிபார்த்துவிடத் துணை யாரும் இல்லாத வீடு. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் பார்த்தது. அதற்குப் பிறகு இன்றுதான்.

"எத்தல் அக்கா, உட்காரலாமா?"

"உட்காருங்கள், மிஸ் பூபாலராயர்."

ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தாள். மக்ரூன். "சாருக்குப் பிடிச்ச கடை. அந்த வழியா வந்தேன், அதான் கை சும்மா இருக்கல."

"அவருக்கு மக்ரூன் பிடிக்காது. பல்லில் ஒட்டும் என்பார். இந்த வீட்டில் அவர் தொட்டதே இல்லை."

அவள் பொட்டலத்தின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள்.

சவேரியம்மாள் காபி கொண்டுவந்தாள். தேவையில்லாமல் கதவருகே நின்றாள். துணி காய்ந்திருக்கும் என்று மாடிக்கு அனுப்பினேன்.

"அக்கா, அந்தத் திரை விஷயம். உருவாக்கியவர்னு நான் போடலக்கா. என்னைக் கேட்டும் போடல. மெஷினா எடுத்துப் போட்டிருக்கு. மார்க்கெட்ல என்னைப் பார்த்தே கேக்குதானுவ, என்ன டீச்சர், சாரை எந்த வருஷம் செஞ்சீங்கன்னு. எனக்கு இந்த வயசுல தேவையா இது?"

"திருத்தச் சொல்லியிருக்கிறேன்."

"கிங்ஸ்லி சொன்னான். என் பேரை எடுத்திரலாம்னு அவன் சொல்லியும் நீங்க வேண்டாம்னீங்களாம்." காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "எதுக்குக்கா?"

"நீங்கள் எழுதினீர்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். அதுதான் முறை."

அவள் தலையாட்டினாள். எழுந்திருக்கும்போது தடி வழுக்கியது. நான் கையைப் பிடித்தேன். விழுந்தால் என் வீட்டில் விழுந்ததாக இருக்குமே. கை மிகவும் லேசாக இருந்தது.

வாசலில் நின்று சொன்னாள்: "நான் எழுதினது பக்கம் மட்டும்தான்க்கா. ஆள் உங்க ஆள்தான். எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. ஊருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியணும்."

"கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள், நாய் வந்துவிடும்" என்றேன்.

மக்ரூனைச் சவேரியம்மாளின் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் ருசி பார்த்தேன். முந்திரி அதிகம்.

ஜனவரி 27, திங்கள்

பிரித்துவிட்டார்களாம். என் கணவருக்கு ஒரு முகவரி. பக்கத்துக்கு வேறொரு முகவரி. மிஸ்டர் கிங்ஸ்லி நேரில் வந்து சொன்னார். தாடி வளர்ந்திருந்தது. இட்லி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே பேசினார். வாயை மூடிக்கொண்டு மெல்ல யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

"இப்ப சார் சார்தான், பக்கம் பக்கம்தான் மேடம். சார் பேருக்குக் கீழே பிறப்பு, இறப்பு, மனைவி எத்தல் மச்சாது. உருவாக்கியவர்னு ஒண்ணுமே கிடையாது. பக்கத்துக்குக் கீழே எழுதியவர் அமலி டீச்சர். சுத்தம்."

"நன்றி" என்றேன். இந்த வீட்டில் அது எளிதில் கிடைப்பதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இட்லியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"இன்னொண்ணு மேடம். ஒரு ஆளைப் பத்தி எத்தனை பக்கம் வேணும்னாலும் இருக்கலாம். ஆள் ஒண்ணுதான், பக்கம் நிறைய. நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்களேன். உங்க பக்கத்தையே முதல்ல காட்டுத மாதிரி வச்சிரலாம். மனைவி எழுதினதுன்னா அதோட மதிப்பே வேற."

யோசிக்கிறேன் என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். நல்ல காகிதம், மைப்பேனா.

"பேராசிரியர் டெரன்ஸ் மச்சாது 1938ஆம் ஆண்டு தூத்துக்குடியில் பிறந்தார்." சரி.

"அவர் காலை ஆறு மணிக்கு எழுவார். காபியில் சர்க்கரை குறைவு. சட்டைக் காலரில் கஞ்சி கூடுதலாக வேண்டும்." இதை யார் வாசிப்பார்கள்? அடித்தேன்.

"அவர் தம் முதல் சிப்பியை" என்று ஆரம்பித்தேன். எங்கே எடுத்தார் என்று தெரியவில்லை. முயல் தீவிலா, வான் தீவிலா? சீட்டில் நான்தான் எழுதியிருப்பேன். ஆனால் சீட்டில் இடமும் தேதியும் மட்டுமே இருக்கும். அன்று கடல் எப்படி இருந்தது, எடுத்ததும் அவர் என்ன சொன்னார், சிரித்தாரா?

மின்வெட்டு. நிறுத்தினேன்.

ஜனவரி 29, புதன்

மூன்று வரிகள். மூன்றையும் அடித்தேன்.

ஜனவரி 30, வியாழன்

மிஸ் பூபாலராயர் எழுதிய பக்கத்தை முழுவதும் வாசித்தேன். மிஸ்டர் கிங்ஸ்லி அச்செடுத்துக் கொடுத்திருந்தார். ஒற்றுப்பிழை இரண்டு. ஓர் இடத்தில் 'ற'வுக்குப் பதில் 'ர'. வட்டமிட்டுத் திருத்தக் கொடுத்தேன்.

புதிய சிப்பி கிடைத்தால் அவர் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பையில் போடுவாராம். ஒன்றும் கேட்காது என்று தெரிந்துமே வைப்பாராம். படகில் பாடுவாராம். எனக்குத் தெரிந்து என் கணவர் பாடியதில்லை. கோவிலில்கூட உதட்டை மட்டும் அசைப்பார்.

நான் எழுதப்போகும் பக்கத்துக்கு வேண்டிய விவரங்களை வேறொருவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு பக்கம் தேவையில்லை. மிஸ்டர் கிங்ஸ்லிக்குச் சொல்லிவிட்டேன்.

பேனாவைக் கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

திறப்பு விழா. வெளிர்சாம்பல் பட்டு, முத்துத் தோடு. முதல் வரிசையில் முதல் நாற்காலி எனக்கு. மிஸ் பூபாலராயர் நான்காம் வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கல்லூரி முதல்வர் என் கணவரின் பெயரை இரண்டு முறை தவறாக உச்சரித்தார்.

திரையை முதலில் நான் தொட வேண்டும் என்றார்கள். பின்னால் ஊரே நின்றது. லூர்து என்கிறவனும் இருந்தான். சவேரியம்மாள் ஜாடை காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. டெரன்ஸ் மச்சாது. பிறப்பு 1938. இறப்பு 2020. மனைவி: எத்தல் மச்சாது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் என்னிடமிருந்து போனவை, எல்லாம் சரி.

"பேரைத் தொடுங்க மேடம்" என்று மிஸ்டர் கிங்ஸ்லி பக்கத்தில் நின்று சொன்னார்.

அவருடைய பெயரைத் தொட்டேன். திரை ஒரு கணம் வெள்ளையாயிற்று. பிறகு பெரிய எழுத்தில் வந்தது:

டெரன்ஸ் மச்சாது இங்கே இல்லை. பக்கத்தில் பார்க்கவும்.

கையை எடுக்காமல் நின்றேன்.

"அது ஒண்ணுமில்ல மேடம்" என்று மெதுவாக விளக்கினார். "நீங்கதான பிரிக்கச் சொன்னீங்க. இது சாரோட சொந்த முகவரி. ஆளைக் கேட்டா மெஷின் ஆளைக் குடுக்க முடியாதுல்லா? அதான், ஆள் இங்க இல்ல, அவரைப் பத்தின பக்கத்துல பாருங்கன்னு சொல்லி அனுப்பிவிடும். தானா திறக்கும் பாருங்க."

தானாகவே திறந்தது. அவள் எழுதிய பக்கம். படகில் நிற்கிற என் கணவர், நனைந்த சட்டையோடு, ஒரு சிப்பியைக் காதில் வைத்துக்கொண்டு. சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதியவரின் பெயர்.

"சரியா இருக்கா மேடம்?"

"சரியாக இருக்கிறது" என்றேன். "எழுத்துப்பிழை இல்லை."

கை தட்டினார்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

பட்டுச்சேலையை நிழலில் உலர்த்தி மடித்து வைத்தேன். சீலா மீன், உப்பு அளவாக இருந்தது.

அதே புதிய தபால்காரர். சிப்பிப் பத்திரிகை. "டெரன்ஸ் மச்சாது இருக்காங்களா?"

பக்கத்துத் தெருவில் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.